யாருடைய ஆன்மா? யாருடைய குரல்?

வங்கியில் என் பக்கத்து கவுண்டர் நண்பர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை நீட்டினார். "கேளுங்க சார், 1970-லயே நம்ம மெட்ராஸ் பசங்க எப்படி வாசிச்சிருக்காங்க! இதுதான் சார் நெஜமான கலகம்."

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'கலகம்' என்ற அந்தச் சொல் மட்டும் சோத்துல கெடந்த கல்லு மாதிரி பல்லில் இடறியது. அன்றிலிருந்து யோசித்ததை எழுதுகிறேன்.

குழுவின் பெயர் 'தி கன்ஃப்யூஷன்ஸ்'. பாட்டின் பெயர் 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்'. உள்ளான்மாவின் குரலாம்! இந்தக் குரலை இசைத்தட்டில் ஏற்றியது யார் தெரியுமா தோழர்களே? சிகரெட் கம்பெனி. 'சிம்லா' என்கிற சிகரெட்டை விற்க இம்பீரியல் டொபாக்கோ நடத்திய போட்டிதான் 'சிம்லா பீட்'. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், பெங்களூரிலிருந்து டைனோசர்ஸ் என்று ஊர் ஊராகப் பையன்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1970-ல் ஒன்று, 1971-ல் ஒன்று என இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. பல குழுக்களுக்கு அந்த ஒன்றிரண்டு பாட்டோடு சரித்திரம் முடிந்தது. பல வருசம் கழித்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடியெடுத்து மறுபதிப்புப் போட, இப்போது அதற்கு 'இந்தியாவின் தொலைந்துபோன எதிர்க்கலாச்சாரம்' என்று மாலை போடுகிறார்கள்.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே போடாகப் போடவும் மாட்டேன். ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், வடகிழக்கு மலைக்காரர் என்று இந்து மேட்டுக்குடி இசை சபாக்கள் சீந்தாத பல பேர் அந்தக் காலத்து மேற்கத்திய இசைக் குழுக்களில் இருந்தார்கள். என் கேள்வி வேறு. கலகம் என்றால் யாரை எதிர்த்து? பாட்டுக்குக் காசு கொடுத்தவன் புகையிலை வியாபாரி. பாடிய மொழி கிராமத்துக்காரனுக்குப் புரியாத மொழி. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்கு இரண்டே வருசம் கழித்து வந்த இசைத்தட்டு இது. அந்தப் புகை உள்ளான்மாவின் மூக்கில் ஏறவில்லை. சிகரெட் புகை மட்டும் ஏறியது.

'சோல்' என்ற இசை எங்கிருந்து வந்தது? அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தேவாலயத்தில் பாடிய பாட்டிலிருந்து வந்தது. கறுப்பு என்பது பெருமை என்று ஜேம்ஸ் பிரௌன் 1968-ல் உரக்கப் பாடினார். அந்த இசை கப்பலேறி இங்கே வந்தபோது, தாளம் வந்தது, நெளிவு சுளிவு வந்தது, தலைமுடி வளர்க்கிற ஃபேஷன்கூட வந்தது. அடிமையின் வலி மட்டும் சுங்கத்துறையில் நின்றுவிட்டது.

அதே 1970. அமெரிக்காவில் கறுஞ்சிறுத்தைக் கட்சி. கட்சிப் பத்திரிகைக் கட்டுகளை அனுப்பும் வேலையில் இருந்த சாதாரண ஊழியர்கள் நாலு பேர், வேலை செய்துகொண்டே பாடப் பாட, அது ஒரு குழுவானது. பெயர் 'தி லும்பன்'. மார்க்ஸ் உதிரிகள் என்று ஒதுக்கி வைத்த கூட்டத்தின் பெயரையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள்! சிறையிலிருந்த பாபி சீலை விடுதலை செய்யக் கேட்டு ஒரு சிறிய இசைத்தட்டு போட்டார்கள். 1970 நவம்பர் 10-ல் ஓக்லண்டின் மெரிட் கல்லூரியில் பாடினார்கள். பிரபலமான மெட்டுகளை எடுத்து வரிகளைக் கட்சி அரசியலாக மாற்றிப் பாடினார்கள். 1971-ல், கட்சி பிளவுபட்ட அந்த வருசத்தில், குழு கலைந்தது. ஒரு வருசம்கூட முழுசாக நிற்கவில்லை. ஆனாலும் அந்தக் குரல் யாருக்காக எழுந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அந்தச் சிறுத்தையின் பெயரைத்தான் 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி.பவாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆன்மா கடல் தாண்டி வந்தது இப்படித்தான். சிகரெட் அட்டை ஒட்டிக்கொண்டு அல்ல.

சரி, அதே 1970-ல் சேலம் ஜில்லாவில் என்ன இசை? (அன்று நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான்.)

சொல்கிறேன். ராசிபுரம் பக்கத்தில் என் தாத்தா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். கல்யாணத்துக்குப் பேண்டு செட்டு, சாவுக்குத் தப்பட்டை. சிவப்புக் கோட்டு, மஞ்சள் ஜரிகை, காலில் செருப்பு கிடையாது. சினிமாப் பாட்டை ஒரு தடவை டூரிங் கொட்டாயில் கேட்டால் மறுநாள் ஊதுவார். நோட்டுப் படிக்கத் தெரியாது. மாப்பிள்ளை ஊர்வலம் அவர் மூச்சில்தான் நகரும். பந்தி மட்டும் பந்தலுக்கு வெளியே, கடைசியில்.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ கேசட்டு பின்னால் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. தாத்தா ஊதிய கடைசிக் கல்யாணங்களில் ஒன்று. முக்கால் மணி நேரம் டிரம்பெட் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளையைக் காட்டுகிறான், காரைக் காட்டுகிறான், வாழைமரத்தைக் காட்டுகிறான், குறுக்கே ஓடுற நாயைக்கூடக் காட்டுறான். ஊதுகிற ஆளைக் காணோம். கேமரா ஒருதடவைகூடத் திரும்பவில்லை. எங்க தாத்தாவோட மூச்சு மட்டும் எங்ககிட்ட இருக்கு. மூஞ்சி இல்ல.

கம்பெனி காசு நின்றால் போட்டிக் குழு கலையும். கட்சி உடைந்தால் கட்சிக் குழு கலையும். எங்க செட்டு மட்டும் ஏன் கலையவே இல்லை? சாதிக்கு அது தேவைப்பட்டது. சாதி இருக்கிறவரைக்கும் எங்க செட்டுக்கு ஆயுசு கெட்டி! குறுகிய காலம் வாழ்ந்த குழுக்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களே, கலைய முடியாமல் தலைமுறை தலைமுறையாக ஊதிய குழுவைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

இது பழங்கதை என்று சொல்லாதீர்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் ராப்பும் கிதாரும் பறையும் ஒன்றாக நின்று, சாதியின் பெயரைச் சொல்லிச் சாதியைத் திட்டின. லும்பன் குழுவின் பங்காளி என்று அதைச் சொல்வேன். அதில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-ல் உலகமெல்லாம் ஒலித்தது. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் யாரைப் போட்டார்கள்? எழுதியவனைப் போடவில்லை. பா.ரஞ்சித் கேள்வி கேட்டு, கூச்சல் எழுந்த பிறகுதான் அவனுக்கென்று தனி அட்டை வந்தது. கல்யாண வீடியோக்காரன் கேமராவும் அதுவும் ஒரே கேமரா தோழர்களே! சத்தம் வேணும், ஆள் வேணாம்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. 'பறையைக் கொளுத்து, அது இழிவு' என்கிறார் ஒரு தோழர். 'பறை தமிழன் பெருமை' என்று இடுப்பில் கட்டிக்கொண்டு கலைவிழாவில் ஆடுகிறார் இன்னொருவர். முதலாமவருடைய கோபம் நியாயம். சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வைத்தவனிடம் 'மாட்டேன்' என்று சொன்னது எங்கள் சனங்களின் பெரிய போராட்டம். ஆனால் இழிவு தோலில் இல்லை, அடிக்கச் சொன்னவன் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டாமவருக்குச் சொல்வது: பெருமை பேசுமுன், உங்களுக்கு அடி சொல்லிக்கொடுத்த கிழவனின் பெயரை மேடையில் சொன்னீர்களா? கூலி கொடுத்தீர்களா?

மாணவத் தோழர்களே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு கேமரா இருக்கிறது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்தி என்று எந்தச் சேரிக்குப் போனாலும் வாசித்து ஓய்ந்த ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போய் உட்காருங்கள். சாவுக்கு எந்த அடி, சாமிக்கு எந்த அடி, யாரிடம் கற்றார், எந்த ஊரில் காசு தராமல் விரட்டினார்கள், எந்த ஊரில் முதன்முதலாக 'மாட்டேன்' என்றார் என்று கேளுங்கள். பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் காசு கொடுங்கள். பெயரைப் போடுங்கள், முழுப் பெயரை.

அறுபது வருசம் கழித்து எந்த வெளிநாட்டுக்காரனும் நம்மைத் தேடியெடுத்து மறுபதிப்புப் போடப் போவதில்லை. முதல் பதிப்பையே நாம் இன்னும் போடவில்லை.

கேமராவைத் திருப்புங்கள். ஊதுகிறவன் மூஞ்சி தெரியட்டும்.