கலந்தாய்வுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்றுக்கொண்டது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் அதை மனமார வரவேற்றோம். பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு எங்கள் பங்குக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். காணொளிப் பாடங்கள் தரும் என்.பி.டி.இ.எல். தளம் 2003-இல் தொடங்கியது, ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. பாடத்துக்கு ஒரு லிங்க் அனுப்பியதோடு கடமை முடிந்ததாக நினைத்தோம். அந்தக் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பவை. அணிகளையும் வகையிடலையும் தமிழில் படித்துத் தேறிய மாணவிக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தின் வேகம்தான் அவளைப் பின்னால் தள்ளியது. தமிழில் பத்து நிமிட விளக்கம், பிறகு அதே கணக்கு ஒருமுறை ஆங்கிலத்தில். இதைப் பதிவு செய்ய எங்களிடம் போன் இருந்தது, தமிழும் இருந்தது. செய்யவில்லை.

கொரோனா காலத்தில், 2021 தொடக்கத்தில், கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு கொடுத்தது. அதில் இணைய வகுப்பு என்று நாங்கள் அனுப்பியது கேள்விக்கு இடமில்லாத பேச்சு. கேமராவை அணைத்து வைத்தவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதி வைத்தோம். தங்கள் வீட்டுச் சுவரைக் காட்டக் கூசியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட வருத்துவது நாங்கள் வீணாக்கிய காலம். பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும். வகுப்பு தொடங்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். அந்த இடைவெளியில் வசதியான வீட்டுப் பிள்ளை பைதான் வகுப்புக்குப் போகிறது. மற்ற பிள்ளை ஜவுளிக் கடையில் வேலைக்கு நிற்கிறது. கலந்தாய்வு முடிந்ததும் பெயர்ப்பட்டியல் எங்கள் கைக்கு வருகிறது. கடை மூடும் நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம், ஐந்தாறு பேருக்கு ஒரு சீனியர், கூடவே ஓர் ஆசிரியர் என்று இணையத்தில் உட்கார்ந்திருந்தால், முதல் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவாவது அவர்களுக்கு வந்திருக்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சியையும் மேடைப் பேச்சுகளால் நிரப்பிவிட்டோம்.

தேர்வில் அரியர் விழுந்த பிறகுதான் இந்தப் பிள்ளைகளின் பெயரையே விசாரித்தோம். 'தமிழ் மீடியம், கஷ்டம்தான்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் கலைந்தோம். எங்கள் கற்பித்தலைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியல் வந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வீட்டில் எத்தனை போன், எந்த நேரத்தில் உன் கைக்கு வரும் என்று கேட்க வேண்டும். பாட நேரத்தை அதன் பிறகுதான் குறிக்க வேண்டும். இதுவரை எங்கள் வசதிக்குத்தான் குறித்துவந்தோம்.