குட்டி யானைக்குக் கூடுதல் பலம் கொடுக்கலாமா?

புதுவைக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. மீனவர்கள் வாழும் ஊர். கிழக்கே கடல். ஊரை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை. 1984-ல் தொடங்கிய புதுச்சேரி என்ஜினீயரிங் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. இன்று அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

உள்ளே என்ஜினைப் பற்றிப் பாடம் நடக்கிறது. வெளியே, சாலையில், என்ஜினை நம்பிப் பிழைப்பு நடக்கிறது. மீன், ஐஸ், காய்கறி, செங்கல் என்று எதை ஏற்றினாலும் சுமந்து ஓடுவது சின்ன லோடு வண்டி. மக்கள் அதற்குச் செல்லமாக வைத்த பெயர், 'குட்டி யானை.'

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. "என்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் இருந்தால் நாலு பெட்டி கூட ஏற்றலாமே! நாளைக்கு ஒரு நடை அதிகம் போகலாமே!" என்பதுதான் அது.

என்ஜினின் பலத்தைக் கூட்ட முடியுமா? முடியும். கூட்டினால் அதிக லோடு ஏற்றலாமா? அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

பலம் எங்கிருந்து வருகிறது?

அடுப்பு எரியக் காற்று வேண்டும். என்ஜினும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 15 கிலோ காற்று தேவை. டீசலுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆகவே, எண்ணெயை மட்டும் அதிகம் ஊற்றினால் கரும்புகைதான் வரும். பலம் வேண்டுமானால் காற்றும் அதிகமாக உள்ளே போகவேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்று நிற்கும் இடத்தைப் பெரிதாக்குவது. மற்றொன்று, இருக்கும் இடத்திலேயே காற்றை அழுத்தித் திணிப்பது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது ஒரு முறை ஓடும் தூரத்துக்கு 'ஸ்ட்ரோக்' என்று பெயர். அந்தத் தூரத்தைக் கூட்டினால் அதிகக் காற்று உள்ளே வரும். அமெரிக்காவில் பிக்அப் வண்டிப் பிரியர்கள் செய்யும் வேலை இது. செவர்லே கம்பெனியின் 5.7 லிட்டர் என்ஜினை எடுப்பார்கள். அதே இனத்துப் பெரிய என்ஜின் ஒன்றின் கிராங்கைச் சற்றுக் கடைந்து இதில் பொருத்துவார்கள். என்ஜின் சுமார் 6.3 லிட்டர் ஆகிவிடும்.

நம் குட்டி யானைக்கு அப்படிச் செய்தால் என்ன ஆகும்? டாட்டா ஏஸ் வண்டி 2005-ல் வெளிவந்தபோது அதற்கு இரண்டே சிலிண்டர்கள். சிலிண்டரின் அகலம் 75 மில்லி மீட்டர். ஸ்ட்ரோக் 79.5 மில்லி மீட்டர். மொத்தக் கொள்ளளவு 702 சி.சி. ஸ்ட்ரோக்கை 5 மில்லி மீட்டர் கூட்டினால் சுமார் 746 சி.சி. வரும். நூற்றுக்கு ஆறு பங்குதான் லாபம்! அதற்காகப் புதிய கிராங்க் செய்யவேண்டும். பிஸ்டனையும் மாற்ற வேண்டியிருக்கும். செலவையும் லாபத்தையும் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும்?

கொல்லன் துருத்தி

இரண்டாவது வழி நம் கொல்லனுக்குத் தெரிந்த வழி. உலையில் சூடு ஏறத் துருத்தியால் காற்றை ஊதுகிறானே, அதே தந்திரம்தான். 1860-ல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் செய்த காற்றூதும் கருவி, இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. அந்த முறையே பிற்பாடு மோட்டார் வண்டிக்கு வந்தது. அதுதான் 'சூப்பர்சார்ஜர்.'

இதைச் சுழற்ற என்ஜினே தன் பலத்தில் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும். வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே துருத்தியைச் சுழற்ற வழி கண்டவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பூஷி. 1905-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய 'டர்போ.' இப்போது விற்பனையாகும் டீசல் பிக்அப்கள் பலவற்றில் டர்போ, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது.

360 குதிரை, 360 கிலோ!

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பலம் கூடினால் லோடு கூடுமா?

1999-ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனி 'லைட்னிங்' என்ற பிக்அப் வண்டியை விற்றது. 5.4 லிட்டர் என்ஜின். அதன்மேல் சூப்பர்சார்ஜர். பலம் 360 குதிரைத் திறன்! ஆனால், அதில் ஏற்றலாம் என்று கம்பெனி அனுமதித்த லோடு 800 பவுண்டு. அதாவது, சுமார் 360 கிலோ.

நம் குட்டி யானை 2005-ல் வந்தபோது அதன் பலம் வெறும் 16 குதிரைத் திறன். அது சுமந்த லோடோ 750 கிலோ!

இருபத்திரண்டு மடங்கு பலமுள்ள வண்டி, பாதி லோடுதான் ஏற்றியது. என்ன காரணம்? இழுப்பது என்ஜின். சுமப்பது என்ஜின் அல்ல. சுமப்பவை பட்டையும் அச்சும் சக்கரமும் டயரும். லைட்னிங் வேகத்துக்காகச் செய்த வண்டி. குட்டி யானை சுமைக்காகச் செய்த வண்டி.

நிறுத்துவது யார்?

சுமப்பது போலவே, நிறுத்துவதும் என்ஜின் அல்ல. அது பிரேக்கின் வேலை. மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி 60-ல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால், பிரேக் அடக்கவேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு ஆகிறது. லோடும் கூடினால் இன்னும் அதிகம். கடற்கரைச் சாலையில் சைக்கிளும் போகிறது. பள்ளிப் பிள்ளைகளும் சாலையைக் கடக்கிறார்கள். பழைய பிரேக்கோடு புதிய பலம் சேர்ந்தால் ஆபத்து டிரைவருக்கு மட்டும் அல்ல.

என்ஜினுக்குள்ளும் ஆபத்து உண்டு. காற்று அதிகமானால் அழுத்தமும் சூடும் ஏறும். 16 குதிரைக்கென்று வார்த்த பிஸ்டனும் கிராங்கும் பேரிங்கும் அதைத் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். ஐஸ் உருகும். மீன் கெடும். அன்றைய கூலி போச்சு!

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கியாஸ் அல்லது பாட்டரியில் ஓடுவதற்கான மாற்றத்துக்கு, நிபந்தனைகளோடு வழி உண்டு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணம் வருவதிலும் தகராறு வரலாம்.

உண்மையான சுமை

அப்படியானால் வண்டிக்காரர் என்ன செய்வது? காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்தாலே இழந்த பலத்தில் ஒரு பங்கு திரும்பிவிடும். டயரில் சரியான காற்று, காலத்தில் ஆயில் மாற்றம், அளவான லோடு, இவை காசு அதிகம் கேட்காத வைத்தியங்கள். அதற்கு மேலும் லோடு வேண்டுமென்றால், அந்த லோடுக்கென்றே செய்த வண்டிதான் வேண்டும்.

பெரிய வண்டிக்குப் பெரிய கடன் வாங்கவேண்டுமே என்பார்கள். நியாயமான பேச்சு. மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போதுதான், உள்ள வண்டியிலேயே அதிகம் ஏற்றும் ஆசை பிறக்கிறது. டீசல் விலைக்கும் தவணைக்கும் ஏற்ற வாடகை கிடைத்தால் அந்த ஆசை பாதி குறைந்துவிடும். ஆகவே, மருந்து மெக்கானிக் பட்டறையில் இல்லை. வாடகை பேசும் இடத்தில் இருக்கிறது. மீன் வியாபாரியும் வண்டிக்காரரும் சேர்ந்து பேசித் தீர்க்கவேண்டிய கணக்கு இது.

ஒரு பெட்டி குறைந்தால் குறையட்டும். விடியற்காலையில் புறப்பட்ட வண்டி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பவேண்டும். குடும்பம் எதிர்பார்ப்பது அதைத்தான்.