ஒரே அப்பம், இரண்டு துக்கம்

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உள்ள பெரிய தேவாலயம் ஒன்றின் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வழிபாட்டு நேர அட்டவணை அங்கே தொங்கும். சிங்களத்தில் இத்தனை மணிக்கு, தமிழில் இத்தனை மணிக்கு, ஆங்கிலத்தில் இத்தனை மணிக்கு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கூட்டம் பக்கவாசலால் வெளியேற, மறு கூட்டம் முன்வாசலால் நுழையும். ஒரே பீடம், ஒரே அப்பம், ஒரே விசுவாசப் பிரமாணம். ஆயினும் வெளியேறுபவர் உள்ளே வருபவரின் பெயரை அறியார். அவருடைய வீட்டில் காணாமற் போனவர் யார் என்பதையும் அறியார்.

மொழிவாரியாக வழிபடுவது குற்றமன்று. தாய்மொழியில் மன்றாடுவது மனிதனின் உரிமை. நான் கேட்பது வேறு. இப்படி வந்துபோகும் கூட்டங்களுக்குத் திருச்சபை என்ற பெயர் பொருந்துமா? ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து நிற்பதுதான் சபை என்றால் புறக்கோட்டை பஸ் நிலையமும் ஒரு சபைதான். ஒருவருடைய துயருக்கு மற்றவர் பொறுப்பேற்கும் இடமே சபை. அந்தப் பொறுப்பு இல்லாத இடத்தில் பாடலும் பிரசங்கமும் காணிக்கையும் இருக்கலாம், சபை இருக்காது.

இது என் சொந்தச் சரக்கன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் இருப்பது. எருசலேமில் தோன்றிய முதற்சபையார் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்று பிரசங்கிகள் அடிக்கடி கூறுவர். அந்தச் சபைக்குள் எழுந்த முதல் முறைப்பாடு மொழிவழிப் பட்டது என்பதை அவர்களிற் பலர் விட்டுவிடுவர். கிரேக்கம் பேசிய யூதரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. சபையின் தலைமை அப்போது எபிரெயம் பேசியோரிடம் இருந்தது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களைப் பிரிவினைவாதிகள் என்று தூற்றவில்லை. விசாரணைக் குழு அமைத்துக் காலங்கடத்தவில்லை. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள், நமக்குள் மொழி ஏது என்று மழுப்பவுமில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்து பந்தியின் பொறுப்பை ஒப்படைக்குமாறு சபையாரிடம் கூறினார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் ஒருவர் பிறப்பால் யூதருமல்லர். அந்தியோகியாவைச் சேர்ந்த, யூத மார்க்கத்தைத் தழுவியவர். அகப்பை பிடிப்பவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தாலும் குறைவில்லை என்று நம்மூரில் சொல்வார்கள். அந்தச் சபை, முறையிட்டவர்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்தது.

மொழியால் சீரழிந்த நமது நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாகம் உண்டா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஏழரை வீதத்தினரே. ஆயினும் சிங்களவரும் தமிழரும் ஒருசேரப் பெருந்தொகையாக அங்கம் வகிக்கும் சமயம் இது ஒன்றுதான். ஆதலால் "நாங்களே இரு இனங்களுக்கும் பாலம்" என்று திருச்சபைத் தலைவர்கள் பெருமையுடன் கூறிவந்திருக்கிறார்கள். பாலம் என்றால் இரு கரைகளிலும் கால் ஊன்ற வேண்டும். மேலே செல்லும் பாரத்தைத் தாங்க வேண்டும். நமது பாலம் பெரும்பாலும் படத்தில் வரையப்பட்ட பாலமாகவே இருந்துவிட்டது.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம் வரையான கடற்கரையைப் பாருங்கள். அங்கே தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, ஓரிரு தலைமுறைக்குள் சிங்களக் குடும்பங்களாகிவிட்டன. வீட்டிலும் கடலிலும் தமிழ் பேசிய மீனவரின் பிள்ளைகள் பாடசாலையில் சிங்களத்தில் கற்றார்கள். அப்பாடசாலைகளிற் பல, திருச்சபையின் நிர்வாகத்தில் இருந்தவை. எந்த இராணுவமும் அங்கே தமிழை ஒழிக்கவில்லை. கரும்பலகையே அந்த வேலையைச் செய்து முடித்தது. எருசலேமின் சபை சிறுபான்மை மொழியினரிடம் அகப்பையைக் கொடுத்தது. இந்தக் கரையில் சிறுபான்மையின் மொழியே பந்தியிலிருந்து எழுப்பப்பட்டது.

இலங்கையில் உண்மையான சபை வாழ்வை எவருமே வாழவில்லை என்று நான் கூறவில்லை. வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே மற்றவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்டு அவர்களது வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, குருநாகலின் அங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. அவர் சிங்களவர். அதே ஆண்டு செப்டெம்பரில் தம் மறைமாவட்டத்தினருக்கு ஆற்றிய உரையில், எந்தக் காரணத்தைக் காட்டியும் அந்த வன்செயலை நியாயப்படுத்த முடியாது என்றும், சிங்களவர் வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரவேண்டும் என்றும் கூறினார். மறு மாதமே அவர் காலமானார். பெரும்பான்மை இனத்தில் பிறந்த ஒரு மேய்ப்பர், தம் கையால் நிகழாத குற்றத்துக்குத் தம் இனத்தின் பெயரால் பொறுப்பேற்ற செயல் அது.

அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ ஊவாவின் புத்தளைப் பகுதியில், ஏழைப் பௌத்த விவசாயிகளின் நடுவே குடிசை அமைத்து வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற அவர் அங்கே போகவில்லை. கரும்புச் செய்கைக்கு நிலத்தை இழந்தவர்களின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழர் பகுதியில் இப்பட்டியல் மிக நீளமானது. மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசெம்பரில் முருங்கனில் கொல்லப்பட்டார். அருட்தந்தை மேரி பஸ்தியான் 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்டார். அருட்தந்தை ஜிம் பிறவுண் 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் காணாமற் போனார். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் 2009 மே 18ஆம் நாள், சரணடைந்தவர்களைத் தனியே விடாமல் அவர்களோடு இராணுவத்திடம் சென்றார். திரும்பி வரவில்லை. மந்தையை விட்டு ஓடாத மேய்ப்பர்கள் என்று இவர்களைப் போற்றுகிறோம். தெற்கிலுள்ள எத்தனை பங்குகளில் இவர்களின் பெயர்கள் மன்றாட்டில் சொல்லப்படுகின்றன?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் இறந்தவர்களிற் பலர் சிறுவர்கள். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக மாண்டனர். திருச்சபை நீதி கேட்டது. கேட்டது முற்றிலும் நியாயம். கர்தினால் மல்கம் ரஞ்சித் 2022 மார்ச்சில் ஜெனீவாவுக்குச் சென்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் முறையிட்டார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது.

இதே கர்தினால் 2018இல் மனித உரிமைகளை மேற்குலகின் புதிய மதம் என்று வர்ணித்தவர். நான்கு ஆண்டுகளில் அந்த 'மதத்தின்' வாசலிலேயே அவர் போய் நின்றார். நான் இதை ஏளனத்துக்காக எழுதவில்லை. பிள்ளையை இழந்தவர் எங்கும் போய்த் தட்டுவார், தட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வாசலில் அவருக்கு முன்பே வடபுலத்துத் தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்றார்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி, இறுதிப் போரில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்க அதிகாரிகளின் சனத்தொகைக் கணக்கிலிருந்தே அந்த எண்ணை அவர் பெற்றார். அதற்காக அவர் விசாரிக்கப்பட்டார். தேசத்துரோகி என்று வசைபாடப்பட்டார். 2021 ஏப்ரலில் விடை கிடைக்காமலே கண்மூடினார். ஒரே திருச்சபையின் ஓர் ஆயர் தனியே நிற்க, தெற்கின் பெரும்பாலான பீடங்கள் மௌனமாயிருந்தன. ஒரே அப்பத்தைப் பிட்டவர்களுக்கு இரண்டு துக்கம் இருந்தது. ஒன்றுக்கு மட்டுமே அரச துக்கதினம் கிடைத்தது.

இங்கே தமிழ் வாசகர்கள் தலையாட்டுவார்கள் என்பதை அறிவேன். சற்றுப் பொறுங்கள். நம் வீட்டுக் கூரையும் ஓட்டைதான்.

கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் 1833இல், தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினார்களேயன்றிச் சாதியை விடவில்லை. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களுள் ஒருவர். கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தாலும் கதை அதுவே. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்று 1929-30 காலப்பகுதியில் பணிக்கப்பட்டபோது, இங்கே பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மிஷனரிகள் இங்கு பள்ளிகளை நிறுவியிருந்தனர். நூறு ஆண்டு வேதபாடம் ஒரு வாங்கைப் பொதுவாக்கப் போதவில்லை.

இன்று எவரும் தீ வைப்பதில்லை. பத்திரிகை அலுவலகங்களில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: மணமக்கள் தேவை விளம்பரங்களை வாசியுங்கள். கிறிஸ்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அச்சாகியிருக்கும். கனடாவிலும் பிரான்ஸிலும் பிறந்த பிள்ளைக்கும் அந்தச் சொல் சீதனத்தோடு அனுப்பப்படுகிறது. கொரிந்து சபையில் வசதி படைத்தோர் முந்தி உண்டு முடிக்க ஏழைகள் பட்டினியாய் நின்றபோது, அது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்றார் பவுல். ஒரே கிண்ணத்தில் பருகியவரோடு சம்பந்தம் செய்ய மறுப்பவர்களுக்கு அவர் என்ன எழுதியிருப்பார்?

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு எத்தனை தமிழ்ப் பிரசங்க பீடங்கள் அதைக் கண்டித்தன? அச்சம் இருந்தது உண்மை. அந்த அச்சத்தைத் தெற்கிலுள்ள பாதிரியாருக்கும் நாம் அனுமதிப்போமா? அனுமதிக்க மாட்டோமென்றால் நமக்கும் அந்தச் சலுகை கிடையாது.

திருச்சபை அரசியலில் தலையிடலாகாது என்று சிலர் கூறுவர். கட்சிக்கு வாக்குக் கேட்கலாகாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காணாமற் போனவர் உங்கள் சபையின் அங்கத்தவர். அவரைத் தேடுவது அரசியல் என்றால், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையும் அரசியல்தான். காயத்தைக் கிளறினால் நல்லிணக்கம் கெடும் என்பது மற்றொரு வாதம். பந்தியில் குறை இருக்கிறது என்று விதவைகள் சொன்னதால் எருசலேமின் சபை உடையவில்லை. அது வளர்ந்தது என்றே வேதம் கூறுகிறது.

நான் கேட்பவை பெரிய காரியங்களல்ல. மே 18ஆம் நாள் தெற்கின் ஆலயங்களிலும் மணி ஒலிக்கட்டும். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் விமானக் குண்டுக்கு இரையான நூற்றுக்கும் மேற்பட்டோருக்காகக் கட்டுவாப்பிட்டியில் ஒரு திருப்பலி நடக்கட்டும். கட்டுவாப்பிட்டியில் மாண்டவர்களுக்காக நவாலியில் ஒன்று நடக்கட்டும். குருமாணவர் ஒவ்வொருவரும் மற்ற மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்குமளவுக்குத் தேர்ச்சி பெறட்டும். சாதி பார்த்து வரன் தேடும் மூப்பரும் உபதேசியாரும் பதவி விலகட்டும். புலம்பெயர்ந்தோர் ஊர்க் கோவிலின் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, அதே கோவிலின் நிழலில் வாழும் போர் விதவையின் வீட்டுக்குப் போகட்டும்.

இவற்றுக்கு வத்திக்கானின் அனுமதியோ அரசாங்கத்தின் சுற்றறிக்கையோ வேண்டியதில்லை. ஒரு பங்கும் ஒரு குருவும் போதும். வரும் ஞாயிறு தமிழ் வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம் வாசலில் நின்று, சிங்கள வழிபாட்டுக்கு வருபவர் ஒருவரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் இல்லாதவரின் பெயரை அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறுத்தால் அடுத்த ஞாயிறும் நில்லுங்கள்.