தேசிங்கா, ராஜாராமா? ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்குச் செஞ்சிக் கோட்டை சொல்லும் கதை

செஞ்சிக் கோட்டை என்றதும் நம்மில் பெரும்பாலானோர்க்கு ஞாபகம் வருவது ராஜா தேசிங்குதான். கதைப்பாடல், தெருக்கூத்து, 1960-ல் எம்.ஜி.ஆர் படம் என்று அவர் புகழ் அப்படி. அதே கோட்டையில் இன்னொரு இளைஞரும் ஆண்டிருக்கிறார்: சிவாஜியின் மகன் ராஜாராம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராத்தியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. ஆனாலும் ராஜாராமை இங்கே பலருக்குத் தெரியாது.

இந்த மறதி, ‘கடைசி வரை விடாதே’ என்று லிங்க்ட்இன்னில் நிறுவனர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையிலும் தெரிகிறது.

தேசிங்கு கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்காடு நவாப் சதாத்துல்லா கான் கப்பம் கேட்டார், இவர் மறுத்தார். 1714 அக்டோபரில், சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படையை நேருக்கு நேர் எதிர்த்து, 22 வயதில் உயிரை விட்டார். வீரம்தான், மறுக்க முடியாது. ஆனால் கதைப்பாடலில் நண்பர் மகபத்கான் வருகிறாரே, அவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு ஓடி வந்தவர். அவரும் அதே களத்தில் செத்தார். முடிவு எடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் பலர்.

ராஜாராம் 1689-ல் செஞ்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 19. அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார், தலைநகர் ராய்கட் போய்விட்டது. நம்ம பாஷையில் சொன்னால், ஆபீஸும் இல்லை, ஃபண்டிங்கும் இல்லை. செஞ்சியில் உட்கார்ந்து மறுபடியும் தர்பார் அமைத்தார். முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டும் ஆள் சிக்கவில்லை. 1698-ல் கோட்டை விழுவதற்கு முன்பே தப்பிவிட்டார்; அடுத்த தலைநகர் சதாரா. 1700-ல் அவர் இறந்த பிறகும், மனைவி தாராபாய் தலைமையில் போர் தொடர்ந்தது.

ராஜாராம் ஒன்றும் உத்தமத் தலைவர் இல்லை. தன் சிறந்த தளபதி சாந்தாஜியோடு அவருக்குப் பெரும் பிணக்கு, பதவியைப் பறித்தார். டீமை நடத்துவதில் அவரிடமிருந்து கற்க வேண்டாம். கோட்டை வேறு, தான் காக்க வேண்டியது வேறு என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சமகால உதாரணம் சோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மென்பொருள் விற்ற கம்பெனி அது. 2000-2001 டாட்காம் சரிவில் அந்தச் சந்தையே சுருங்கியது. ஸ்ரீதர் வேம்பு குழுவினர் அதே சந்தையில் முட்டி மோதாமல், நிறுவனங்களின் ஐடி நிர்வாகத்துக்கான மேனேஜ்என்ஜின், பிறகு இணையவழி அலுவலக மென்பொருள் என்று திரும்பினார்கள். 2009-ல் கம்பெனி பெயரும் மாறியது. அதே சோஹோவிலிருந்து வெளியேறி 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம், 2021-ல் கம்பெனியை நாஸ்டாக்கில் பட்டியலிட்டார். 2024 மே மாதம் சிஇஓ நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்தார். 2025 ஜனவரியில் வேம்புவும் சிஇஓ பதவியிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானி ஆனார்.

‘எப்போ விடணும், எப்போ பிடிச்சுக்கணும்னு எப்படித் தெரியும்?’ நியாயமான கேள்விதான். சோஹோவுக்கு அப்போது கையில் காசும் ஆட்களும் இருந்தார்கள். அதனால் திரும்ப முடிந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு பாதை மாற்றுகிறேன் என்றால் அது நடக்காது. எனவே கணக்கை முன்கூட்டியே போட வேண்டும்: இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது? எத்தனை மாதம் மிச்சம் இருக்கும்போது இந்தப் பொருளைக் கைவிடுவோம்? இந்த இரண்டு எண்களும் நிறுவனரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் போதாது. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கடன் தவணையோடு இவரை நம்பி வந்த முதல் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில் இல்லை, நிற்பதற்கு ஆறு மாதம் முன்னாடியே.