ரெண்டு சின்னதா, ஒண்ணு பெருசா?

மொனிட்டர் வாங்கப் போற எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இது. மேசையில் ரெண்டு நடுத்தர மொனிட்டரை வைப்பதா, அதே காசுக்கு ஒரு பெரிய 4கே ஸ்கிரீனை வாங்கிவிடுவதா? யூடியூப்பில் இதைப் பற்றிப் பேசுகிற அண்ணன்மாருக்கு ஆறடி மேசை, தனி அறை, பின்னால் ஊதா லைட். எங்களுக்கு லிந்துலையில் ஒரு வாசிப்பறை, நாலடி மேசை, அதைச் சுத்தி எப்பவும் ஏழெட்டுப் பேர்.

அந்த மேசைக்கு மொனிட்டர் வாங்க ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. வெளியில இருக்கிற கூட்டாளிமார் அனுப்பினது கொஞ்சம், தோட்டத்து அம்மாமார் போட்டது கொஞ்சம். சம்பள நிர்ணய சபை 2024 இல் தீர்மானித்த நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அதிலிருந்து நூறு, இருநூறு என்று எடுத்துக் கொடுத்த காசை ஆசைக்கு விளையாட முடியாது. குழுவுக்குள்ள ரெண்டு கட்சி. வாட்ஸ்அப்பில் ஒரு வாரமா இதே பேச்சு. இதை எழுதுகிற நாங்கள் ரெண்டு மொனிட்டர் கட்சி. ஏன் என்று சொல்கிறோம், எதிர்க்கட்சியின் நியாயத்தையும் மறைக்காமல்.

முதல்ல கணக்கு. சாதாரண 1080பி மொனிட்டரில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080, மொத்தம் 20 இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே ஸ்கிரீனில் 3840க்கு 2160, அதாவது 82 இலட்சத்துக்கு மேல். சரியாக நாலு மடங்கு. "நாலு மொனிட்டர் ஒரே பெட்டிக்குள்ள வருது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்பது பெரிய ஸ்கிரீன் கட்சியின் முதல் வாதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் புள்ளி வேற, இடம் வேற. 27 அங்குல 4கே ஸ்கிரீனில் எழுத்தை இயல்பான அளவில் விட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும். அதனால் விண்டோஸில் 150 சதவீதம் பெருசாக்கிப் பார்க்கணும். அப்படிப் பார்க்கும்போது நமக்குக் கிடைக்கிற வேலை இடம் 2560க்கு 1440 அளவுதான், சுமார் 37 இலட்சம் புள்ளி. ரெண்டு 1080பி மொனிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 41 இலட்சம். அதாவது ரெண்டு சாதாரண மொனிட்டர் தருகிற இடம், ஒரு 27 அங்குல 4கே தருகிற இடத்தை விட கொஞ்சம் கூட. பெரிதாக்காமலே நாலு மடங்கு இடமும் வேணும் என்றால் 43 அங்குலத்துக்குப் போகணும். அது ஏறத்தாழ மூன்றேகால் அடி அகலம். நாலடி மேசையில் அதை வைத்தால் கீபோர்ட் இருக்கும், கொப்பி வைக்க இடம் இருக்காது. உட்காருகிறவர் மூக்கும் ஸ்கிரீனில் முட்டும்.

அப்போ கூடுதல் புள்ளியெல்லாம் வீணா? இல்ல. இங்கதான் எதிர்க்கட்சி சொல்வதை நாங்கள் முழுசா ஒத்துக்கொள்கிறோம். அந்தப் புள்ளிகள் எழுத்தைத் தெளிவாக்குகின்றன. தமிழுக்கு அது இங்கிலீஷை விட முக்கியம். 12 பாயிண்ட் எழுத்து சாதாரண மொனிட்டரில் 16 புள்ளி உயரமுள்ள கட்டத்துக்குள் அடங்கணும். இங்கிலீஷ் 'எல்' ஒரு கோடு, சமாளிச்சிடும். 'ணை', 'ஞை', 'க்ஷ' எல்லாம் எத்தனை சுழி, எத்தனை வளைவு? மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற குத்து ஒரு புள்ளியாகவோ ரெண்டு புள்ளியாகவோ சுருங்கிப் போகும். இரவு பத்து மணிக்குத் தட்டச்சுப் பிழை திருத்துகிற ஆளுக்கு 'க'வா 'க்'கா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அதே எழுத்து 4கே ஸ்கிரீனில் 24 புள்ளி உயரத்தில் வரும், அச்சுப் புத்தகம் போல. காசும் மேசையும் ஒருவருடையது என்றால், அவர் நாள் முழுக்கத் தமிழ் வாசிக்கிறவர் என்றால், 27 அங்குல 4கேயை வாங்குங்க என்றுதான் நாங்களும் சொல்வோம்.

ஆனால் எங்கள் மேசையில் நடக்கிற வேலையைப் பாருங்கள். 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதற்குப் பிறகு எங்களுக்கும் ஒரு ஆசை வந்தது. நம்ம பக்கத்துப் பழைய சஞ்சிகை, துண்டுப்பிரசுரம், தொழிற்சங்க அறிக்கை எல்லாத்தையும் தேடி வாசிக்கணும், முக்கியமானதைத் தட்டச்சு செய்து வைக்கணும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஸ்கேன் பக்கங்களாகக் கிடக்கின்றன. அதைப் பார்த்து அடிக்கிறவருக்கு என்ன வேணும்? ஒரு கண்ணுக்கு ஸ்கேன் பக்கம், இன்னொரு கண்ணுக்கு அடிக்கிற பக்கம். ரெண்டும் ஒரே நேரத்தில், மூடித் திறக்காமல்.

பழைய பக்கம் நிமிர்ந்து நிற்கிற பக்கம். ஸ்கிரீனோ படுத்துக் கிடக்கிறது. ரெண்டு மொனிட்டரில் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் முழுப்பக்கமும் தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் வரும், உருட்டத் தேவையில்லை. ஒரு 24 அங்குல மொனிட்டர் படுத்தால் 21 அங்குல அகலம், நிமிர்ந்தால் 12 அங்குலம். ஒன்று படுத்து ஒன்று நிமிர்ந்து மொத்தம் 33 அங்குலம், மூன்றடிக்குக் கீழே. எங்கள் நாலடி மேசையில் கொப்பியும் பிளேன்டீ கப்பும் வைக்க இடம் மிச்சம். ஸ்கேன் பக்கத்தைப் பெரிசாக்கி வாசிக்கிறதால எழுத்துத் தெளிவுப் பிரச்சினையும் பாதி குறைந்துவிடும். அடிக்கிற பக்கத்தில் எழுத்தை 14, 16 பாயிண்ட் ஆக்கிக்கலாம்.

அடுத்தது, யூடியூப் அண்ணன்மார் சொல்லாத விஷயம்: ஸ்கிரீனுக்குப் பின்னால் என்ன கொம்பியூட்டர் இருக்கிறது? எங்களிடம் இருப்பது ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட டெஸ்க்டொப், ஆளாளுக்கு ஒரு பழைய லெப்டொப். எச்டிஎம்ஐ 1.4 காலத்து லெப்டொப்பில் 4கே ஸ்கிரீனைக் கொழுவினால் படம் வரும், ஆனால் செக்கனுக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். மவுஸை நகர்த்தினால் அம்பு இழுத்து இழுத்துப் போகும். அதற்கும் பழைய விஜிஏ வாய் மட்டும் உள்ள டெஸ்க்டொப்பில் 4கே என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய ஸ்கிரீனை வாங்கினால் அடுத்து புது கொம்பியூட்டரையும் வாங்கணும். 1080பி மொனிட்டர் என்றால் இருக்கிற எந்தப் பழசிலும் ஓடும். லெப்டொப் இருக்கிற ஆளுக்கு ஒரே ஒரு மொனிட்டரே போதும், லெப்டொப்பின் சொந்த ஸ்கிரீன் ரெண்டாவதாகிவிடும்.

கரண்ட் கதையையும் பேசணும். மேல் கொத்மலை அணை நம்ம தலவாக்கலையில்தான் இருக்கு, 2012 இல் தொடங்கிய 150 மெகாவாட் திட்டம். அப்படி இருந்தும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். இப்போது அந்தளவு மோசம் இல்ல, ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் போனதுதான். யுபிஎஸ்ஸில் ஓடும்போது ரெண்டு மொனிட்டரில் ஒன்றை அணைத்துவிட்டு வேலையைச் சேமிக்கலாம். ஒரே பெரிய ஸ்கிரீனில் பாதியை மட்டும் அணைக்க முடியாது. மின்னலில் ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும். பெரிசு போனால் மேசையே போச்சு.

இதெல்லாம் வசதிக் கணக்கு. எங்களுக்கு முக்கியமான காரணம் வேற.

வாசிப்பறைக்கு எல்லாராலும் எல்லா நேரமும் வர முடியாது. ஆறு மணிக்கு மேல் பனி இறங்கிவிடும், தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதை, சிறுத்தைப் பயம் வேற. பையன்கள் எப்படியாவது வந்துவிடுகிறார்கள். பொம்பளப் புள்ளைங்களை வீட்டில் விடமாட்டாங்க. விடாததில் நியாயமும் இருக்கு, அநியாயமும் இருக்கு, அந்தச் சண்டை தனி. ஆனால் ஏ.எல். ஐசிடி எடுக்கிற ஒரு தங்கச்சிக்கு அந்தச் சண்டை முடிகிற வரைக்கும் பரீட்சை காத்திருக்காது.

அவ வீட்டில் என்ன இருக்கும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதில் கட்டில், அலுமாரி, சாமிப்படம், டீவி, அஞ்சு பேர். மூலையில் ஸ்கிரீன் உடைந்த லெப்டொப் ஒன்று. கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் கொண்டுவந்து போட்டது. இப்படி ஸ்கிரீன் மட்டும் உடைந்து, மற்றதெல்லாம் வேலை செய்கிற லெப்டொப் நம்ம லயத்துப் பக்கம் எத்தனை கிடக்கு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மொனிட்டரைக் கொழுவினால் அது மறுபடியும் கொம்பியூட்டர்.

24 அங்குல மொனிட்டர் மூன்று, நாலு கிலோதான். கம்பளியில் சுத்தி ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடக்கலாம். இஸ்தோப்பில் ஒரு ஸ்டூல் போட்டால் வைத்துவிடலாம். பரீட்சை மாதத்தில் ஒரு மொனிட்டர் வாசிப்பறையில், ஒரு மொனிட்டர் அவள் வீட்டில். முடிந்ததும் திரும்பி வரும், இல்லாட்டி அடுத்த பிள்ளையிடம் போகும். 43 அங்குல ஸ்கிரீன் எங்கேயும் போகாது. அது இருக்கிற இடத்துக்கு எல்லாரும் வரணும். வர முடியாதவர்கள் வராமலே இருப்பார்கள்.

எதிர்க்கட்சியில் ஒரு தோழர் சொன்ன வார்த்தை எங்களைச் சுட்டது: "மலையகத்துக்கு எப்பவும் சின்னது, பழசு, பாவிச்சதுதானா? ஒரு தடவையாவது நல்ல சாமான் வாங்குவோமே." இந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆறு மாதம் ஓடி நின்றுபோகிற கொம்பியூட்டரை நன்கொடை என்று கொடுத்து, அதோடு படமும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் மதிப்பு அங்குலத்தில் இல்ல. நமக்கு எது வேணும் என்று நம்ம வேலையைப் பார்த்து நாமே தீர்மானிக்கிறோமா என்பதில்தான் இருக்கு. அடுத்தவன் மேசையைப் பார்த்து வாங்குகிற பெரிசும் ஒருவிதத்தில் இரவல்தான்.

அதனால "ரெண்டு" என்று சொல்வதை "மலிவு" என்று யாரும் எடுத்துக்க வேண்டாம். எங்கள் நிபந்தனைகள் இவை. 24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 1366க்கு 768 என்ற பழைய அளவு இலவசமாக வந்தாலும் வேண்டாம், அதில் தமிழ் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஐபிஎஸ் பனல் வேணும், பக்கத்தில் நிற்கிறவருக்கும் நிறம் மாறாமல் தெரிய. எச்டிஎம்ஐ, விஜிஏ ரெண்டு வாயும் இருக்கணும். ஒன்றுக்காவது உயர்த்தி, நிமிர்த்தித் திருப்பக்கூடிய ஸ்டாண்ட் வேணும். ரெண்டும் ஒரே மொடல் என்றால் நல்லது, நிறமும் உயரமும் ஒத்துப்போகும். வைக்கும்போது ரெண்டின் நடுக்கோடு மூக்குக்கு நேரே வராமல், அதிகம் பார்ப்பது நேராகவும் மற்றது சாய்வாகவும் இருக்கட்டும். கழுத்து தப்பிக்கும்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது என்று கேட்கிறவர்களுக்கு: 2008 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. 18 அங்குல ஒற்றை ஸ்கிரீனை விட 20 அங்குல ரெண்டிலும் 24 அங்குல ஒன்றிலும் வேலை வேகமாக முடிந்ததாம். 26 அங்குலத்துக்குப் போனபோது வேகம் திரும்பக் குறைந்ததாம். ஆய்வுக்குக் காசு கொடுத்தது மொனிட்டர் விற்கிற என்இசி கம்பெனி, அதையும் மனசில் வைத்துக்கொண்டு வாசிக்கணும். அப்படிப் பார்த்தாலும், பெருசாகப் பெருசாக நல்லது என்று விற்கிறவனே காட்ட முடியவில்லை.

வீடியோ எடிட் பண்ணுகிறவர், போஸ்டர் வடிவமைக்கிறவர், கண் கொஞ்சம் மங்கிய பெரியவர், இவர்களுக்குப் பெரிய ஸ்கிரீன் தேவை. நாளைக்குக் காசு சேர்ந்தால் மூன்றாவதாக அதையும் வாங்குவோம், அப்போது நாங்களே முன்னுக்கு நின்று கை தூக்குவோம். வரிசை மட்டும் இதுவாக இருக்கட்டும்: முதலில் பிரித்துக் கொடுக்கக்கூடியது, பிறகு சேர்ந்து பார்க்கக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாக்கெடுப்பு. வாசிப்பறைக்கு வர முடியாத பிள்ளைகளுக்கும் அதில் வாக்கு உண்டு, போனில் அனுப்பினால் போதும். அவங்க வாக்கை எண்ணாமல் எந்த மொனிட்டரையும் வாங்குவதில்லை என்பதில் மட்டும் ரெண்டு கட்சியும் ஒன்று.