ஏரிகளுக்கு விண்ணில் ஒரு சாட்சி

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி முடித்துக் கீழே பார்த்தால், வயல்களுக்கும் வீட்டுமனைகளுக்கும் இடையே ஏரிகள் தென்படும். அண்மையில் அங்கு நின்றபோது, எது வறண்ட ஏரி, எது ஏரியாக இருந்த நிலம் என்பதை என்னால் பிரித்தறிய இயலவில்லை. கண்ணுக்குப் புலப்படாத அந்த வேறுபாடு, விண்ணில் பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது.

செயற்கைக்கோள் தொலையுணர்வின் அடிப்படை எளியது. ஒவ்வொரு பொருளும் சூரிய ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் எதிரொளிக்கிறது. செழித்த இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீரோ அதை விழுங்கிவிடும். ஆகவே படத்தில் பயிர் பளிச்சிடும். ஏரி கருமையாகத் தெரியும். 1970-இல் கேரளத் தென்னைகளைத் தாக்கிய வாடல் நோயை அகச்சிவப்புப் படங்களின் வழியே வானிலிருந்து ஆராய்ந்த பி.ஆர்.பிஷரோட்டி, இந்தியத் தொலையுணர்வின் தந்தையாகப் போற்றப்படுகிறார். 1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளின் கூர்மையான கேமராவில் ஒரு புள்ளி தரையில் சுமார் 36 மீட்டரைக் குறித்தது. இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்கள் இலவசமாக வழங்கும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் மட்டுமே.

இக்கோள்களுக்கு மாநில எல்லை கிடையாது. திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்துடன் இணைந்தது. வரைபடத்தின் கோடு மாறியதே தவிர, நீரின் வழி மாறவில்லை. ஆந்திரப் பகுதி அணைகள் திறக்கப்பட்டால் கொசஸ்தலையாறு பெருகி, பூண்டியை நோக்கிப் பாய்கிறது. மழைக்கால மேகங்கள் சாதாரண கேமராவை மறைத்துவிடும். ரேடார் அலைகள் அவற்றை ஊடுருவும். 2025 ஜூலை 30-இல் அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், ஒரே இடத்தை 12 நாள்களுக்கு ஒருமுறை அதே கோணத்தில் காண்கிறது. உடனடி வெள்ள எச்சரிக்கைக்கு இந்த இடைவெளி போதாது. ஆனால், எந்தத் தாழ்நிலங்களில் நீர் தேங்குகிறது என்பதைப் பல மழைக்காலங்களில் பதிவு செய்ய உதவும்.

விண்வெளிச் சாட்சிக்கும் வரம்பு உண்டு. ஆகாயத்தாமரை மூடிய ஏரி, படத்தில் பசும்புல்வெளியாகத் தோன்றலாம். பரப்பை அளக்கும் கேமராவால், தூர்ந்துபோன ஆழத்தை அளக்க முடியாது. கோடையில் ஒருநாள் எடுத்த படத்தை வைத்து, ஏரியே இல்லை என்று வாதிடவும் இடமுண்டு. எனவே பல ஆண்டுகளின் படங்களைப் புலப்படத்தோடும் அ-பதிவேட்டோடும் பொருத்தி, நேரிலும் சென்று சரிபார்க்க வேண்டும்.

ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இயங்குகிறது. சட்டமும் இருக்கிறது, படமும் இருக்கிறது. இரண்டையும் ஊர்மக்களின் முன் ஒருசேர வைக்கும் வழக்கம்தான் இல்லை. உலக நீர் நாளான மார்ச் 22-இல் கிராம சபைகள் கூடுகின்றன. அன்று ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஏரியின் கடந்த பத்தாண்டு நீர்ப்பரப்பைப் படமாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டட்டும். அதைப் படிக்க விஞ்ஞானி வரவேண்டியதில்லை. தன் வயலுக்கு எந்த மதகிலிருந்து நீர் வந்தது என்பதை அறிந்த முதிய உழவர் ஒருவரே, கருமை எங்கே சுருங்கியது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார்.