சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே சொட்டு மருந்தா?

நேற்று சாயங்காலம் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை. "தம்பி, பாப்பாவுக்குக் கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து குடு" என்றார். கடைப் பையன் குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி ஒரு டப்பாவை எடுத்தான், "மூணு வேளை ஊத்துங்கக்கா" என்றான், காசைக் கல்லாவில் போட்டான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஏம்பா, அது மாக்ஸிஃப்ளாக்ஸசின் ஆச்சே, டாக்டர் சீட்டு கேக்க மாட்டியா?" என்றேன்.

"கண்ணு மருந்துதானே சார், இதுக்கெல்லாமா சீட்டு?"

அந்த "கண்ணு மருந்துதானே"தான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

முதலில் சட்டம். மாக்ஸிஃப்ளாக்ஸசின் எச்1 அட்டவணையில் இருக்கிற மருந்து. இந்த அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். தோலில் தடவும் மருந்துகளுக்கு விலக்கு உண்டு, கண் சொட்டு மருந்துக்குக் கிடையாது. அந்தப் பதிவேட்டை உங்கள் தெருக் கடையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், எப்படி விழிக்கிறார்கள் என்று தெரியும்.

சட்டத்தை விடுங்கள், கண்ணுக்கு வருவோம். 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ பரவியது நினைவிருக்கும். நம் டவுன்ஷிப்பிலும் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடுதான் திரிந்தோம். அப்போது வீட்டுக்கு வீடு ஆன்டிபயாடிக் சொட்டு ஓடியது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ என்ற வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸுக்கு அது வெறும் தண்ணீர். "எனக்கு அஞ்சு நாள்ல கேட்டுச்சே சார்" என்பவர்களுக்குச் சொல்கிறேன், ஊற்றாமல் இருந்தாலும் தானாகவே ஆறியிருக்கும். புகழ் மட்டும் பாட்டிலுக்குப் போய்விட்டது.

பாக்டீரியாவால் கண் வலி வருவதே இல்லையா? வரும். கெட்டியாக மஞ்சள் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க வராது. வைரஸில் பெரும்பாலும் தண்ணீராகத்தான் கொட்டும். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள், டாக்டர்களே சில நேரம் தடுமாறுவார்கள். பாக்டீரியாதான் என்று தெரிந்துவிட்டால் இந்தச் சொட்டு மருந்து நல்ல மருந்து. சொன்ன வேளைக்கு, சொன்ன நாள் வரை ஊற்ற வேண்டும். நாம் இரண்டாம் நாள் சிவப்பு குறைந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் சொருகிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதையே பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கிறோம். திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் குப்பையில் போட வேண்டும் என்பதை எத்தனை பேர் செய்கிறோம்?

இதுவரை சொன்னது காசுக்கும் மருந்துக்கும் நஷ்டம். இனிச் சொல்வது கண்ணுக்கு.

என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது ஒப்பந்தத் தொழிலாளி. லீவு நாளில் ஊருக்குப் போய் நெல் அறுப்புக்கு நின்றிருக்கிறான். தாள் நுனி கண்ணில் பட்டது. மறுநாள் கண் சிவந்து உறுத்தியது. ஒரு கடையில் சொட்டு கொடுத்தார்கள். அதில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை உடனே குறைக்கும், அதுதான் அதன் வசியம். "கடைக்காரர் கைராசி" என்று பத்து நாள் ஊற்றினான். உள்ளே இருந்தது பூஞ்சை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, ஸ்டீராய்டோ அதற்குச் சோறு போட்டு வளர்க்கும். புதுச்சேரிக்குக் கொண்டுபோனபோது கருவிழியில் வெள்ளையாகப் புண். இன்று அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. வயது முப்பத்து நான்கு.

இது அபூர்வமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். 1994-இல் மதுரையில் மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். கிருமி வளர்ந்தது 297 பேருக்கு. அதில் பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139. பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல. சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் கண் டாக்டருக்கே சொல்வது கஷ்டம். கடைப் பையன் டப்பாவை எடுத்த வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

"வாத்தியார் பென்ஷன் வாங்குறார், பேசுவார். ஒரு நாள் கூலியை விட்டு, டாக்டர் ஃபீஸும் கொடுத்து எவன் போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் தொண்ணூறுகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணில் அடிபட்டால் கிராமச் சுகாதாரப் பணியாளரிடம் போக வேண்டும். அவர் சாயம் விட்டு, நீல டார்ச் அடித்து, கருவிழி கீறியிருக்கிறதா என்று பார்ப்பார். கீறியிருந்தால் குளோராம்ஃபெனிக்கால் களிம்பு, மூன்று நாள். அப்படிக் கீறல் பட்ட 442 பேரில் 96 சதவீதம் பேருக்குப் புண்ணாகாமல் ஆறியது. 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அங்கே மருந்து கொடுத்தவரும் டாக்டர் இல்லைதான், ஆனால் அவர் கண்ணைப் பார்த்தார். நான் கேட்பது அவ்வளவுதான். நம்மூரில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், கடலூர் அரசு மருத்துவமனைகளில் ஃபீஸ் கிடையாது. நிலக்கரித் தூசி, கிரைண்டர் பொறி, நெல் தாள் என்று கண்ணுக்கு இத்தனை வம்பு இருக்கிற ஊரில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஊற்றியவர்களுக்குச் சூடோமோனாஸ் தொற்று பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள், 4 பேர் இறந்தார்கள். அந்தச் சொட்டு தயாரானது நம் சென்னையை அடுத்து. அது ஆன்டிபயாடிக் சொட்டு இல்லை, வேறு கதை. நான் சொல்ல வந்தது அந்தக் கிருமியைப் பற்றி: வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அது அசையவில்லை. இப்படிப்பட்ட கிருமிகளை வளர்த்துவிடுவது யார்? வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஊற்றி, பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பங்கு போடும் நாமும்தான்.

கண் வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், எதுவோ குத்தியிருந்தால் அன்றைக்கே போங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எல்லாம் வேண்டவே வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பாட்டிகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

நேற்று அந்த அம்மாவைக் கடை வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். முறைத்துவிட்டுப் போனார். இன்று காலை மறுபடியும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனாராம், பாப்பாவுக்கு வைரஸ்தானாம், "சும்மா சுத்தமா துடைச்சு விடுங்க"ன்னு அனுப்பிவிட்டார்களாம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களாம், அதற்கும் என்னைத்தான் கோபித்துக்கொள்கிறார்.

பின்குறிப்பு: கமென்ட்டில் "சார், எந்தச் சொட்டு நல்லது?" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.